முப்பத்தொன்றாம் கொக்கி

ரீகா. தொண்ணூற்று மூன்று, பிப்ரவரி.
ஆய்வகத்தின் வெப்பக் குழாய்கள் செத்துவிட்டன.
இன்குபேட்டரை ஒட்டி நின்று கைகளைக் காய்ச்சிக்கொள்கிறோம்.
உயிரணுக்களுக்கு முப்பத்தேழு டிகிரி,
எங்களுக்கு ஒன்பது.
சம்பளம் வராத மூன்றாம் மாதம்
மாலைகளில் நாடக அரங்கின் கோட்டறைக்கு வேலைக்குப் போனேன்.

'வைரஸ் படித்தவளுக்குக் கோட்டு மாட்டத் தெரியுமா, வெல்தா?'
மேலாளர் குன்வால்திஸ் சிரித்தார்.
பதினேழு வருடமாகக் கோட்டைத்தான் படிக்கிறேன் என்றேன்.
புரியவில்லை அவருக்கு.
வேலை கிடைத்தது.

இங்கே கோட்டோடு எவரும் உள்ளே போக முடியாது.
முதலில் கையுறை, பிறகு கழுத்துத் துணி,
பொத்தான்கள்,
ஈரக் கம்பளியிலிருந்து எழும் நாய் வாசனை.
வில்லையை வாங்கிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவர்
வாசலில் நுழைந்தவரைவிட
ஒரு சுற்றுச் சிறியவர்.

அதுவும் அப்படித்தான் வரும்,
போன வீட்டில் கிழித்த துணியைப் போர்த்திக்கொண்டு.
உயிரணு தானே கைபிடித்து அழைத்து
ஒரு குமிழிக்குள் உட்கார வைக்கும்.
குமிழி மெல்லப் புளிக்கும்.
செரித்துவிடலாம் என்பது வீட்டுக்காரர் கணக்கு.
அந்தப் புளிப்புக்காகத்தான் வந்தவர் காத்திருக்கிறார்.
போர்வையில் ஊசித் துளை ஒன்று,
அதன் வழியே புளிப்பு இறங்கும்,
உள்புறணி நெகிழும், தையல் விடும்,
போர்வை குமிழியின் சுவரோடு ஒட்டிக் கரையும்.
எட்டு இழைகள்
அம்மணமாய் உயிர்க்கருவை நோக்கி நடக்கும்.

எங்கள் மருந்து அந்தத் துளைக்கு ஒரு தக்கை.
பத்துக் கார்பன் கோத்த சின்னக் கூண்டு.
யாரையும் அது கொன்றதில்லை.
பொத்தானைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவே.
கோட்டைக் கழற்ற முடியாத விருந்தாளி
குமிழிக்குள்ளேயே புழுங்கிச் செத்தார்.
நாங்கள் கொஞ்சம் பெருமைப்பட்டோம்,
கேக் வெட்டினோம்கூட.

ஜனவரியில்
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து
ஒரு குழந்தையின் தொண்டைச் சளி வந்தது.
தக்கை நிற்கவில்லை.
ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பினோம், வரிசையைப் படித்துச் சொல்ல.
இன்று மதியம் தொலைநகல்.
துளையின் சுவரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது,
முப்பத்தொன்றாம் இடத்தில்.
தாளை மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
கோட்டறைக்கு வந்தேன்.

நாடகம் முடிந்தது. வில்லைகள் கல்லில் கலகலத்தன.
வெளியே மைனஸ் பதினெட்டு.
எல்லோரும் போனபின்
ஒரே ஒரு சாம்பல் கோட்டு.
எண்ணைப் பார்த்தேன்.
சிரிப்பதா என்று தெரியவில்லை.

தேடினோம். மாடங்கள், கழிப்பறை, மேடைக்கு அடியில்.
ஆள் இல்லை.
பையில் ஒரு டிராம் சீட்டு,
கைப்பிடி சூரியகாந்தி விதைத் தோல்.
'குடித்துவிட்டுச் சட்டையோடு போயிருப்பான்,
காலையில் எவனாவது போன் பண்ணுவான்'
என்றார் குன்வால்திஸ், சாவிக்கொத்தை ஆட்டியபடி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை.
உறை கழன்ற முதல் சில மணி நேரம்
உயிரணுவை உடைத்துப் பார்த்தால்
உள்ளே வைரஸ் என்று ஒன்றுமே இருக்காது.
நாங்கள் அதைக் கிரகணம் என்போம்.
நூறு முறை பார்த்திருக்கிறேன்;
நூறு முறையும் ஒரு நொடி நம்பியிருக்கிறேன்,
ஒழிந்தது என்று.
வந்தவர் எங்கும் போயிருக்க மாட்டார்.
வீட்டின் கைகளே இப்போது அவர் கைகள்,
அடுப்படியில் வேகிறது அவருடைய சமையல்.
உறை கழன்றபின்தான்
அது உறைகிறது.

வெள்ளி, சனி, ஞாயிறு.
யாரும் வரவில்லை, யாரும் போன் பண்ணவில்லை.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் எட்டு டிகிரி.
அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.
தோள் சரியாக உட்கார்ந்தது. கை மட்டும் நீளம்.
பிளாஸ்க்குகளை வெளியே எடுத்தேன்.
நான்காம் மணி.
ஒன்றுமே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

வில்லை
இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.